ஆச்சிக்குத் தண்ணீர் வைக்கும் என் மகளுக்காக: பேராயருக்கும் சிறுவர் ஊழியக் குழுவுக்கும் ஒரு திறந்த மடல்

பேராயர் ஐயா அவர்களுக்கும், திருமண்டலச் சிறுவர் ஊழியக் குழுவினருக்கும்,

கடந்த மே மாதம் எங்கள் சபையில் நடந்த வி.பி.எஸ். என்னும் விடுமுறை வேதாகமப் பள்ளி வகுப்பில், நரகத்தைப் பற்றிய ஏழாம் நாள் பாடத்தின்போது ஹாலின் ஜன்னல்களைச் சாத்தினார்கள். விளக்கை அணைத்தார்கள். மேசை மேல் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்து, பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, சுடருக்குப் பக்கத்தில் விரலைக் கொண்டுபோகச் சொன்னார்கள். எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று மற்றப் பிள்ளைகள் சத்தமாக எண்ண வேண்டும். என் மகளுக்கு ஒன்பது வயது. ஐந்து எண்ணும்வரை தாங்கியிருக்கிறாள். "அஞ்சுக்கே கைய எடுத்துட்டியே, அங்க எண்ணி முடிக்கவே முடியாதே, என்ன செய்வ?" என்று கேட்டிருக்கிறார் ஆசிரியை.

அங்கே யாரெல்லாம் போவார்கள் என்பது அடுத்த கேள்வி. இயேசுவை ஏற்றுக்கொள்ளாத எல்லோரும் என்பது பதில். என் மகள் கையைத் தூக்கி, "எங்க ஆச்சியுமா?" என்று கேட்டாள். ஆச்சி ஞானஸ்நானம் எடுத்தார்களா என்று ஆசிரியை கேட்டார். இல்லை என்றாள். "அப்ப அவங்க இப்ப அங்கதாம்மா இருக்காங்க. அதனாலதான் நீ மத்தவங்களுக்குச் சொல்லணும்."

ஆச்சி என்பது என் அம்மா. அவர் இறந்து அன்றைக்கு மூன்று மாதம்கூட ஆகவில்லை.

அந்த ஆசிரியை மேல் எனக்குக் கோபம் இல்லை. கல்லூரி முடித்து ஒரு வருடம்கூட ஆகாத பெண். பிள்ளைகள் மேல் பிரியமாக இருப்பவர். அவருக்குக் கொடுக்கப்பட்ட ஆசிரியர் கையேட்டை நான் வாங்கிப் பார்த்தேன். ஜன்னலைச் சாத்துவது அதில் இருக்கிறது. மெழுகுவர்த்தி இருக்கிறது. எண்ணச் சொல்வதும் இருக்கிறது. அவர் எழுதியிருந்ததைத்தான் செய்தார். அதனால்தான் இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறேன்.

ஜூன் மாதம், எங்கள் வட்டாரச் சபைகள் அடங்கிய சேகரத்தின் தலைவரிடம் எழுத்தில் முறையிட்டேன். சேகரக் கமிட்டியில் வைத்துப் பேசியதாகச் சொன்னார்கள். ஐந்து வாரம் கழித்து வந்த பதிலில் இரண்டே வரிகள்: வேத சத்தியத்தில் சமரசம் செய்ய இயலாது, பெற்றோரின் விசுவாசக் குறைவு பிள்ளைகளைப் பாதிக்காதபடி பார்த்துக்கொள்ளவும். அடுத்த ஞாயிறே, 14 வருடமாக நான் எடுத்துவந்த ஞாயிறு பள்ளி வகுப்பு வேறொருவருக்குக் கொடுக்கப்பட்டது. அதையாவது பொறுத்துக்கொள்வேன். ஆனால் இதே பாடத்திட்டத்தை அடுத்த மே மாதம் எல்லாச் சேகரங்களிலும் நடத்துவதென்று சிறுவர் ஊழியக் குழு முடிவெடுத்து, சுற்றறிக்கையும் வந்துவிட்டது. இனிமேல் சும்மா இருக்க என்னால் முடியாது.

என் அம்மாவைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நான் 24 வயதில் ஞானஸ்நானம் எடுத்தவள். அம்மா சைவம். அப்பா இறந்த பிறகு கடைசி ஆறு வருடம் எங்களோடுதான் இருந்தார். காலையில் குளித்துத் திருநீறு பூசி, "நமனை அஞ்சோம், நரகத்தில் இடர்ப்படோம்" என்ற அப்பர் பாட்டை முணுமுணுத்துக்கொண்டேதான் அடுப்பைப் பற்றவைப்பார். எங்கள் குடும்ப ஜெபத்தில் நடையருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். ஆமென் சொல்ல மாட்டார். ஆனால் ஜெபம் முடியும்வரை எழுந்திருக்கவும் மாட்டார்.

நான்கு வருடம், வி.பி.எஸ். பிள்ளைகளுக்குச் சுண்டல் அவித்துக் கொடுத்தது அம்மாதான். யாரும் கேட்கவில்லை. முதல் வருடம் கடையில் வாங்கிய பிஸ்கட் பொட்டலத்தைப் பார்த்துவிட்டு, "வெயில்ல வர்ற பிள்ளைகளுக்கு இதையா கொடுப்பீங்க" என்று சொல்லி மறுநாளே கடலையை ஊறப்போட்டார். அறுபது எழுபது பிள்ளைகள். தேங்காய் துருவி, மாங்காய் சீவிப் போட்டு, வாளியில் எடுத்துக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்குவார். கடைசிப் பிள்ளை வாங்கிப் போகும்வரை அவர் வாயில் ஒன்றும் படாது. சபையார் எல்லோரும் சேர்ந்து உண்ணும் அசன விருந்துக்கு முந்தைய நாள் ராத்திரி, பெண்களோடு உட்கார்ந்து கத்தரிக்காய் நறுக்குவார். மறுநாள் பந்தியில் வெறும் சோறும் கூட்டும் போட்டுக்கொண்டு ஓரமாகச் சாப்பிடுவார். சபையில் எல்லோரும் அவரை ஆச்சி என்றுதான் கூப்பிட்டார்கள். மெழுகுவர்த்தியின் முன் நின்று எண்ணிய பிள்ளைகளில் பாதிப் பேர் அந்தச் சுண்டலைத் தின்றவர்கள்.

வகுப்பு முடிந்து வந்த அன்று ராத்திரி, என் மகள் எவர்சில்வர் தம்ளரில் தண்ணீர் மொண்டு போய், கூடத்தில் மாட்டியிருக்கும் ஆச்சி படத்துக்குக் கீழே ஸ்டூலில் வைத்தாள். என்ன என்று கேட்டேன். "ஆச்சிக்குத் தாகமா இருக்கும்லாம்மா" என்றாள். வலது கை ஆள்காட்டி விரல் நுனியில் சிவந்த கொப்புளம் இருந்தது. அன்றிலிருந்து தினமும் ராத்திரி தண்ணீர் மாற்றி வைக்கிறாள். ஒருநாள் மறந்து தூங்கிவிட்டு, இரண்டு மணிக்கு எழுந்து அழுதாள்.

ஏழாம் நாள் பாடம் எது என்பது உங்களுக்குத் தெரியும். லூக்கா 16, ஐசுவரியவானும் லாசருவும். விரலின் நுனியைத் தண்ணீரில் தோய்த்து என் நாவைக் குளிரப்பண்ணும் என்று அந்த மனிதன் கெஞ்சுகிற இடம். உங்கள் பாடத்திலிருந்து என் மகள் எடுத்துக்கொண்டது அந்த ஒரு வரியைத்தான்.

சரி, அந்தப் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். அந்த ஐசுவரியவான் எதற்காக அங்கே போனான்? கையேட்டில் "அவன் ஆண்டவரை விசுவாசிக்கவில்லை" என்று அச்சிட்டிருக்கிறீர்கள். வேதத்தில் அப்படி ஒரு சொல்கூட இல்லை. அவன் ஆபிரகாமைத் தகப்பனே என்று கூப்பிடுகிறவன். இன்றைய கணக்கில் சபை அங்கத்தினன். அவன் வாசலில் பருக்கள் நிறைந்த ஒரு ஏழை கிடந்தான், மேசையிலிருந்து விழும் துணிக்கைகளுக்கு ஏங்கினான், இவனோ நாள்தோறும் சம்பிரமமாய் வாழ்ந்தான். ஆண்டவர் சொன்னது இவ்வளவுதான். சுண்டல் வாளியோடு வந்து நின்ற ஒரு கிழவியை, அந்தப் பணக்காரன் இடத்தில் உட்கார வைத்திருக்கிறது உங்கள் பாடம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாதாளத்தில் வேதனைப்படுகிற அந்த மனிதன், தன் வீட்டில் இருக்கும் ஐந்து சகோதரர்களை நினைக்கிறான். அவர்களாவது தப்பட்டும் என்று கெஞ்சுகிறான். என் கேள்வியோடு நான் போன ஒரு மூப்பர், "பரலோகத்துக்குப் போயிட்டா உங்க அம்மா நினைப்பே இருக்காதும்மா, ஆண்டவர் எடுத்துப் போட்டுருவார்" என்று ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்குத் திக்கென்றது. நரகத்தில் இருப்பவனுக்கே உடன்பிறந்தவர்களின் நினைவு இருக்கிறது. பரலோகத்துக்குப் போகிற எனக்குப் பெற்றவளின் நினைவு இருக்கக் கூடாதா? என் அம்மாவை மறந்துவிட்டு அங்கே நின்று பாடுகிறவள் யாராக இருந்தாலும், அவள் நானாக இருக்க மாட்டாள்.

மனப்பாட வசனமாக நீங்கள் கொடுத்தது மாற்கு 9:48. "அங்கே அவர்கள் புழு சாவாமலும் அக்கினி அவியாமலுமிருக்கும்." ஒன்பது வயதுப் பிள்ளைக்கு மனப்பாடமாக இந்த வசனம். ஆறு வசனம் மேலே போய்ப் பாருங்கள். இந்தப் பேச்சை ஆண்டவர் ஆரம்பிப்பதே பிள்ளைகளிடமிருந்துதான். சிறியரில் ஒருவனுக்கு இடறல் உண்டாக்குகிறவன் கழுத்தில் ஏந்திரக்கல்லைக் கட்டிக் கடலில் தள்ளுவது அவனுக்கு நலமாயிருக்கும் என்கிறார். நரகத்தைப் பற்றிய அந்த எச்சரிப்பு, பிள்ளைகளைத் தடுக்கி விழச்செய்யும் பெரியவர்களுக்குக் கொடுத்த எச்சரிப்பு. அதையே பிள்ளைகள் பக்கம் திருப்பிவிட்டோமே ஐயா.

ஆண்டவரே நரகத்தைப் பற்றிப் பேசினாரே என்று கமிட்டியில் ஒருவர் கேட்டாராம். பேசினார். நான் மறுக்கவில்லை. யாரிடம் பேசினார் என்பதுதான் என் கேள்வி. நரகாக்கினைக்கு எப்படித் தப்புவீர்கள் என்று அன்றைய மதத் தலைவர்களான வேதபாரகரையும் பரிசேயரையும் பார்த்துக் கேட்டார். ரோமப் படையின் நூற்றுக்கு அதிபதி ஒருவன், இஸ்ரவேலுக்கு வெளியே இருந்தவன், தன் வேலைக்காரனுக்காக வந்து நின்றபோது, கிழக்கிலும் மேற்கிலும் இருந்து அநேகர் வந்து ஆபிரகாமோடு பந்தியிருப்பார்கள், ராஜ்யத்தின் புத்திரரோ புறம்பான இருளிலே தள்ளப்படுவார்கள் என்றார். வெளியே இருந்தவர்கள் பந்தியில், உள்ளே இருந்தவர்கள் இருட்டில். நம் அசனப் பந்தியில் ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்ட அம்மாவை இந்த வசனத்தில்தான் நான் பார்க்கிறேன். மத்தேயு 25ல் செம்மறியாடுகளையும் வெள்ளாடுகளையும் பிரிக்கும்போது அவர் கேட்பதும், பசித்தவனுக்குப் போஜனம் கொடுத்தாயா, தாகமுள்ளவனுக்குத் தண்ணீர் கொடுத்தாயா என்பதுதான். ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்டதாக எழுதவில்லை.

நம் தமிழ் வேதாகமத்தில் பல இடங்களில் நரகம் என்று வருகிற சொல், கிரேக்கத்தில் கெகன்னா. புதிய ஏற்பாட்டில் அது 12 இடத்தில் வருகிறது. 11 இடம் ஆண்டவர் வாயிலிருந்து வந்தது. மற்ற ஒன்று யாக்கோபின் நிருபத்தில், அடங்காத நாவைப் பற்றிச் சொல்லும்போது. பவுலின் நிருபங்களில் அந்தச் சொல் ஒரு தடவைகூட இல்லை. அப்போஸ்தலருடைய நடபடிகளில், புறஜாதியாரிடம் முதல்முதலாகச் சுவிசேஷம் கொண்டுபோன பிரசங்கங்களில், ஓரிடத்திலும் இல்லை. அவர்கள் யாரையும் நெருப்பைக் காட்டி அழைக்கவில்லை.

கெகன்னா என்பது எருசலேமின் பக்கத்தில் இருக்கும் இன்னோம் பள்ளத்தாக்கு. பழைய காலத்தில் அங்கே ஜனங்கள் தங்கள் சொந்தப் பிள்ளைகளை நெருப்பில் பலியிட்டார்கள். எரேமியா 7ல் கர்த்தர் அதைப் பற்றி என்ன சொல்கிறார்? "அதை நான் கட்டளையிடவுமில்லை, அது என் மனதில் தோன்றவுமில்லை." இந்த வசனத்தை ஜூன் மாதம் ஒரு ராத்திரி வாசித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். மனுஷர் தங்கள் பிள்ளைகளை நெருப்பில் போடுவது தன் மனதில் தோன்றவே இல்லை என்று சொன்ன தேவன் அவர். அந்தப் பள்ளத்தாக்கின் பெயரை வைத்தே, அவர் தாம் உண்டாக்கின பிள்ளைகளை முடிவில்லாமல் எரிப்பார் என்று சொல்லிக்கொடுக்கிறோம்.

நியாயத்தீர்ப்பே கிடையாது என்று நான் சொல்வதாக நினைக்காதீர்கள். நியாயத்தீர்ப்பு வேண்டும் என்று நினைக்கிறவள் நான். 1968 டிசம்பர் 25, நாம் கிறிஸ்துமஸ் கொண்டாடிய அன்று ராத்திரி, கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் அடைத்து 44 பேரைக் கொளுத்தினார்கள். கூலி கூட்டிக் கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்கள். இறந்தவர்களில் பெரும்பாலும் பெண்கள், பிள்ளைகள். உயர் நீதிமன்றத்தில் பண்ணையார்கள் விடுதலையானார்கள். அந்த 44 பேருக்காக ஒரு நீதிமன்றம் எங்கேயாவது இருக்க வேண்டும். இல்லையென்றால் நான் ஆராதிக்க ஒன்றும் இல்லை. அவர்களைக் கொளுத்தியவர்கள் தாங்கள் செய்ததை முழுசாகப் பார்க்க வேண்டும், செத்தவர்களின் கண்ணைப் பார்த்து நிற்க வேண்டும். அதற்கு நரகம் என்று பெயர் வைத்தால் எனக்கு மறுப்பே இல்லை.

ஆனால் அந்தக் குடிசையை நினைக்கும்போதே நமக்கு வயிறு எரிகிறதே, ஏன்? மனுஷரை நெருப்பில் அடைப்பது அநியாயம் என்று நமக்குத் தெரிவதால்தானே? அந்த அறிவை நமக்குக் கொடுத்தவர் யார்? பொல்லாதவர்களாகிய நீங்களே உங்கள் பிள்ளைகளுக்கு நல்ல ஈவுகளைக் கொடுக்க அறிந்திருக்கும்போது, என்றுதான் ஆண்டவர் கணக்குப் போட்டுக் காட்டினார். நம்மில் இருக்கும் நன்மையிலிருந்து பிதாவின் நன்மையை மேலே மேலே எண்ணிப் பார்க்கச் சொன்னார். நம் இரக்கம் நிற்கிற இடத்துக்கும் கீழே அவர் இரக்கம் நின்றுவிடும் என்று அவர் சொல்லவில்லை.

வேத சத்தியத்தில் சமரசம் செய்ய இயலாது என்று கமிட்டி எழுதியது. ஞாயிறுதோறும் நாம் சொல்லும் அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணத்தில் கிறிஸ்து பாதாளத்தில் இறங்கினார் என்று இருக்கிறது. உயிருள்ளோரையும் மரித்தோரையும் நியாயந்தீர்க்க வருவார் என்று இருக்கிறது. யார் முடிவில்லாமல் எரிவார்கள் என்று ஒரு வரி இல்லை. நற்கருணை ஆராதனையில் சொல்லும் நிசேயா பிரமாணத்திலும் இல்லை. அந்தப் பிரமாணத்தோடு சேர்த்துப் பேசப்படும் 381ஆம் வருடத்துக் கான்ஸ்டான்டிநோபிள் சங்கத்தில் இருந்த பேராயர் நிசாவின் கிரெகோரி, கடைசியில் எல்லாம் தேவனிடம் சீர்படும் என்று நம்பியவர். அவரைத் திருச்சபை இன்றுவரை பரிசுத்தவான் என்றே சொல்கிறது. எல்லாம் சீர்படும் என்று அவருக்கு முன்பே போதித்த ஒரிகனுடைய போதனை ஆறாம் நூற்றாண்டில் கண்டிக்கப்பட்டது உண்மை, அகஸ்டின் முடிவில்லாத தண்டனைக்காக வாதாடியதும் உண்மை. அந்தப் பக்கத்தை மறைக்க நான் விரும்பவில்லை. நம் தாய்ச்சபையான ஆங்கிலிக்கன் சபையில், துன்மார்க்கருக்கும் முடிவில் மன்னிப்பு உண்டாகலாம் என்று நம்பிய ஒரு குருவைக் குற்றவாளியாக்க முடியாது என்று 1864ல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் தீர்ப்புச் சொன்னது. சுவிசேஷப் பற்றில் யாருக்கும் குறையாத ஆங்கிலேயக் குரு ஜான் ஸ்டாட், 1988ல், முடிவில்லாத வேதனையைவிட முடிவான அழிவு என்பதே வேதத்துக்கு நெருக்கமாகத் தெரிகிறது என்று எழுதினார். இவ்வளவு பேர் கண்ணீரோடு யோசித்த ஒரு காரியத்தை, மெழுகுவர்த்தியை வைத்து ஒரு மணி நேரத்தில் பிள்ளைகளுக்கு முடித்துக் கொடுத்துவிட்டோம்.

உங்கள் அம்மா சுவிசேஷத்தைக் கேட்டவர்தானே என்று சிலர் என்னிடம் கேட்டார்கள். எந்தச் சுவிசேஷத்தை? எங்கள் தெருமுனையில் வருடாவருடம் நற்செய்திக் கூட்டம் நடக்கும். ஒலிபெருக்கி எங்கள் மாடியைப் பார்த்துத்தான் கட்டியிருக்கும். ஒருமுறை, ஆண்டவரை அறியாமல் செத்துப்போன உன் தகப்பனும் பாட்டனும் இப்போது அக்கினியில் கதறுகிறார்கள் என்று பிரசங்கியார் சொன்னார். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்து, "எங்க அப்பா இல்லாத இடத்துக்கு நான் எதுக்கும்மா வரணும்?" என்றார். அதன் பிறகு என்னிடம் சபை விஷயமாக ஒன்றுமே கேட்டதில்லை. தாத்தா, பஞ்சத்தில் வீட்டு நெல்லை அளந்து ஊருக்குக் கொடுத்தவர் என்று அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

இது என் அம்மாவின் பிடிவாதம் மட்டும் இல்லை. நம் முத்துக்குளித்துறைக் கரையில் ஊர் ஊராக ஞானஸ்நானம் கொடுத்த பிரான்சிஸ் சவேரியார், அப்புறம் ஜப்பானுக்குப் போனார். திரும்பி வந்து 1552 ஜனவரியில் கொச்சியிலிருந்து ஒரு மடல் எழுதினார். ஜப்பானில் புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்கள், செத்துப்போன தாய் தகப்பனுக்கு, மனைவி பிள்ளைகளுக்கு ஜெபத்தாலாவது தர்மத்தாலாவது விடுதலை உண்டா என்று கேட்டார்களாம். இல்லை என்று இவர் சொல்ல, அவர்கள் அழுதுகொண்டே இருந்தார்களாம். பிரியமான நண்பர்கள் அப்படி அழுவதைப் பார்த்து எனக்கே துக்கமாக இருக்கிறது என்று எழுதுகிறார். அதே கத்தோலிக்கத் திருச்சபை 1964ல், இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில், தன் குற்றமில்லாமல் நற்செய்தியை அறியாதிருந்து, உண்மையான இருதயத்தோடு தேவனைத் தேடி மனச்சாட்சியின்படி நடக்கிறவர்களும் இரட்சிப்படைய முடியும் என்று சொன்னது. அந்த ஜப்பானியர்களுக்குப் பதில் கிடைக்க 400 வருடத்துக்கு மேல் ஆனது. என் மகளுக்கு அவ்வளவு காலம் இல்லை.

இப்போது ஆராதனைக்கு வருகிறேன், எனக்கு மிகவும் வலிக்கிற இடம் இதுதான். நான் இந்தச் சபைக்குள் வந்தது ஆலய வளைவில் எழுதியிருந்த ஒரு வசனத்தைப் பார்த்து. வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களே, நீங்கள் எல்லாரும் என்னிடத்தில் வாருங்கள். பயந்துபோய் வரவில்லை. அப்படி ஒருவர் கூப்பிடுகிறாரே என்று வந்தேன். இத்தனை வருடம் கழித்து, பரிசுத்தர் பரிசுத்தர் பரிசுத்தர் என்று சபையார் சொல்லும்போது என் வாய் திறக்க மறுக்கிறது. என் மகள் பாடல் புத்தகத்தை மூடி வைத்துக்கொண்டு நிற்கிறாள். ஏன் பாடவில்லை என்று மெதுவாகக் கேட்டேன். "பாடலைன்னா என்னையும் போட்டுருவாராம்மா?" என்று திருப்பிக் கேட்டாள். பயத்தில் அவள் பாடியிருந்தால் நீங்கள் அதை ஆராதனை என்று எண்ணியிருப்பீர்களா? நான் எண்ண மாட்டேன்.

"அன்பிலே பயமில்லை; பூரண அன்பு பயத்தைப் புறம்பே தள்ளும்; பயமானது வேதனையுள்ளது" என்று யோவான் எழுதுகிறார். அந்த ‘வேதனை’ என்ற இடத்தில் கிரேக்கத்தில் இருப்பது கொலாசிஸ் என்ற சொல். மத்தேயு 25:46ல் ‘நித்திய ஆக்கினை’ என்கிறோமே, அந்த ஆக்கினைக்கும் இதே சொல்தான். புதிய ஏற்பாட்டில் இந்த இரண்டு இடத்தில்தான் அது வருகிறது. மே மாதத்திலிருந்து அந்தக் கொலாசிஸ் எங்கள் வீட்டில் ஒரு குழந்தைக்குள் இருக்கிறது.

என்னால் முடிந்ததை அவளுக்குச் சொன்னேன். நான் பாதாளத்தில் படுக்கை போட்டாலும் நீர் அங்கேயும் இருக்கிறீர் என்று தாவீது பாடியதைச் சொன்னேன். கிறிஸ்து பாதாளத்தில் இறங்கினார் என்று நாம் சொல்வது இதைத்தான், அவர் போகாத இடம் எதுவும் இல்லை என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப அவரு ஆச்சிக்குத் தண்ணி கொடுத்துருப்பாராம்மா?" என்றாள். கொடுத்திருப்பார் என்றேன். "ஐயர் அப்படிச் சொல்லலையே" என்றாள், எங்கள் சபை ஆயரை நினைத்து.

உங்களிடம் நான் கேட்பது இதுதான்.

அந்த ஏழாம் நாள் பாடத்தை அடுத்த மே மாதத்துக்கு முன்னால் கையேட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். திருத்தி எழுதுகிறோம் என்று மெழுகுவர்த்தியை மட்டும் எடுத்தால் போதாது. லாசருவின் கதையைச் சொல்லத்தான் வேண்டும், வாசலில் கிடப்பவனைப் பார்க்கச் சொல்லிக் கொடுங்கள். நெருப்பு, இருட்டு, வலி எதையும் பிள்ளைகள் உடம்பில் செய்துகாட்டும் பாடம் திருமண்டலத்தின் எந்த வகுப்பிலும் இருக்கக் கூடாது என்று பேராயர் ஐயா எழுத்தில் உத்தரவிட வேண்டும்.

செத்துப்போன ஒரு மனிதர் எங்கே இருக்கிறார் என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் எந்த ஆசிரியருக்கும், பிரசங்கியாருக்கும், ஆயருக்கும் இல்லை என்பதை ஞாயிறு பள்ளி ஆசிரியர் பயிற்சியில் முதல் நாளே சொல்லுங்கள். ஒரு பிள்ளை கேட்டால், "ஆச்சி உன்னைவிட, என்னைவிட அவங்களை நேசிக்கிற ஒருத்தர் கையில இருக்காங்க" என்று சொல்லக் கற்றுக்கொடுங்கள். எல்லா மனுஷரும் இரட்சிக்கப்பட அவர் சித்தமுள்ளவர் என்று தீமோத்தேயுவுக்கு எழுதிய வசனம் அதற்குப் போதும்.

வி.பி.எஸ். பாடநூல் வகுப்பு தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பாகப் பெற்றோர் கைக்கு வர வேண்டும். இந்துக் குடும்பத்துப் பிள்ளைகளும் நம் வகுப்புகளுக்கு வருகிறார்கள், அவர்கள் வீட்டுப் பெரியவர்களைப் பற்றி அவர்களிடம் என்ன சொல்கிறோம் என்று நம் குழு ஒருமுறை உட்கார்ந்து யோசிக்க வேண்டும். பாதாளம், கெகன்னா, அக்கினிக்கடல் என்று வேதம் தனித்தனியாகச் சொல்வதைத் தனித்தனியாகவே விளக்குகிற ஒரு நாள் வகுப்பு, இறையியல் படித்தவர்களைக் கொண்டு ஒவ்வொரு சேகரத்திலும் நடக்க வேண்டும். மாற்றுக் கருத்துள்ளவர்களும் வந்து பேசட்டும். என் கருத்தை எல்லோரும் ஏற்க வேண்டும் என்று கேட்கவில்லை.

என் வகுப்பை எனக்குத் திருப்பிக் கொடுங்கள். என்மேல் போதனைக் குற்றம் இருந்தால் எழுதிக் கொடுங்கள், பதில் சொல்கிறேன்.

கடைசியாக, உங்களில் ஒருவர் எங்கள் வீட்டுக்கு வர வேண்டும். என்னிடம் பேச அல்ல, என் மகளிடம் பேச. அங்கி போட்டுக்கொண்டு வாருங்கள், அப்போதுதான் அவள் நம்புவாள். ஆச்சியைப் பற்றி அவள் கேட்பதற்கு, அவள் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லுங்கள். ராத்திரி எட்டரை மணிக்கு அவள் தண்ணீர் மாற்றுவாள், அதற்கு முன் வந்தால் நல்லது.

சிறுவர் ஊழியக் குழு அடுத்த மாதம் கூடுகிறது என்று அறிகிறேன். அந்தக் கூட்டத்தில் இந்த மடலை வாசித்து, எழுத்தில் பதில் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சபை அங்கத்தினர்களில் ஒருத்தி